காற்று வாங்கப் போன கோட்டைகள்

போன ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்ததும் தங்கை மகள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு சாப்பிட அழைத்துப் போனாள். பினாங்கு நார்தம் ரோட்டில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் பழைய மாளிகை ஒன்றைச் சாப்பாட்டுக் கடையாக்கியிருக்கிறார்கள். வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் இது சரித்திரப் புகழ் பெற்ற கோட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தான். இந்தக் கோட்டைக்குச் சாரம் கட்டிச் சுண்ணாம்பு பூசியதை நான் பாவாடை கட்டிய வயதில் பார்த்திருக்கிறேன். என்னைவிட இளைய கட்டடம் இது. இது சரித்திரமாகிவிட்டது, நான் வெறும் பெரியம்மாவாக இருக்கிறேன். அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

கோழி வரத் தாமதமாயிற்று. பின்பக்கச் சன்னல் வழியாகக் கடல் வற்றிய நேரத்துச் சேற்று வாடை வந்தது. பினாங்கில் பிறந்தவர்களுக்கு இந்த வாடையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அதோடு சேர்ந்து பவுடர் மணமும், பெட்ரோல் மணமும், வெயிலில் காய்ந்த கார் இருக்கையின் தோல் மணமும் வந்துவிடும். என்னைப் பெண் பார்க்க வந்த நாளெல்லாம் கடல் வற்றியே கிடந்தது. மற்ற எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யத் தெரிந்த அப்பாவுக்கு அது ஒன்று மட்டும் கைகூடவில்லை.

அப்பா வெல்ட் கீ துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். தன்னை முன்னேற்றமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார், ஓரளவுக்கு அது உண்மையும்கூட. பெண்ணை அலங்கரித்துத் தட்டோடு கூடத்தில் நிறுத்துவதும், வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதும், பெண் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதும் அவருக்குப் பொறுக்காது. அதனால் கோயில் உபதேசியாரோடு கலந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தார். பெண்ணுக்கே தெரியாமல் பெண்ணைக் காட்டிவிடுவது. சாயங்காலம் வாடகைக் கார் பிடித்து, கடலோரக் கோட்டைகளைப் பார்த்துக் காற்று வாங்கி வரலாம் என்று குடும்பத்தோடு கிளம்ப வேண்டியது. மாப்பிள்ளை வீட்டாரும் தற்செயலாகக் கோட்டை பார்க்க வந்திருப்பார்கள். பிடித்தால் உபதேசியார் வழியாகச் சொல்லி அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லோரும் கட்டடம் பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

கோட்டைகள் என்று நான் சொல்வது அப்பா வைத்த பெயர். பாடாங் திடலுக்குப் பக்கத்தில் பீரங்கியோடு நிஜக் கோட்டை ஒன்று அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. குட்டைச் செங்கல் சுவரைப் பார்த்து எந்த மாமியாருக்கு மனம் இளகும்? அதைத் தாண்டும்போது, "இதுவும் ஒண்ணு" என்று கையைக் காட்டிவிட்டு அப்பா முன்னே போய்விடுவார். நார்தம் ரோட்டிலிருந்து தஞ்சோங் பூங்கா வரை ஈயத்திலும் ரப்பரிலும் சம்பாதித்த சீன முதலாளிகள், தவுக்கேமார்கள், கட்டிய மாளிகைகள்தாம் அவருடைய கோட்டைகள். கோபுரம், குவிமாடம், யானைக்கால் தூண், வாசலில் சிங்கம், ஒன்றுக்கும் குறைவில்லை.

எனக்கு எப்படித் தெரியாமல் இருக்கும், சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்னால் அம்மா வருவார். "மொகத்துக்குப் பவுடர் போட்டுக்க. கடல் காத்து ஒத்துக்காது." கடல் காற்றுக்குப் பவுடர் மருந்து என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. முதல் தடவையே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை நான் காட்டிக்கொள்ளவில்லை. அப்பா நடிப்பதைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கும். தானே தேதியும் ஃபெரி நேரமும் சொல்லி வரவழைத்தவர்களைப் பார்த்து, "அட, நீங்களா? இந்தப் பக்கம் எங்க?" என்பார். குரல் கம்மிவிடும், காது சிவந்துவிடும். மாதாகோயில் நாடகத்தில் அவருக்கு எப்போதும் வசனமில்லாத காவலாளி வேடம் கொடுத்ததில் நியாயம் இருந்தது.

சீனப் பெருநாளின் பதினைந்தாம் இரவில், அதுதான் சாப் கோ மே, கல்யாணமாகாத நோஞ்ஞா வீட்டு, அதாவது இந்த ஊரிலேயே ஊறிய பழைய சீனக் குடும்பத்துப் பெண்களைக் கார்களில் உட்காரவைத்துக் கடற்கரையைச் சுற்றி வருவார்கள். நல்ல புருஷன் கிடைக்க வேண்டுமென்று அவர்கள் ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் எறிவார்கள். இளைஞர்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு வருஷம் அதைப் பார்த்துவிட்டு அப்பா முகம் சுளித்தார். "பொண்ண வண்டில வச்சு ஊருக்கே காட்டுறாங்க பாரு. நம்மகிட்ட அந்த வழக்கமெல்லாம் கெடையாது." இதைச் சொன்னபோது அவர் உட்கார்ந்திருந்ததும் அதே வாடகைக் கார்தான். பக்கத்தில் நான் இருந்தேன், ஆரஞ்சுப் பழம் மட்டும் இல்லை.

சந்திப்பு எப்போதும் இப்போது சாப்பாட்டுக் கடையாகிவிட்ட இந்தக் கோட்டையில்தான் நடக்கும். சனி, ஞாயிறுகளில் தவுக்கே குடும்பம் குளிர்ச்சிக்காகக் கொடிமலை பங்களாவுக்குப் போய்விடும். தோட்டக்காரர் முனியாண்டி அண்ணன் சின்னக் கேட்டைத் திறந்து, கடல் சுவர் வரை நடந்து பார்க்க விடுவார். தண்ணீர்மலை முருகனுக்கு வருஷாவருஷம் காவடி எடுப்பவர், வாயில் ஒரு சொட்டுக் கள் படாதவர். இந்தக் கோட்டைக் கோபுரத்துக்கு ஏறப் படியே கிடையாது, ரோட்டிலிருந்து பார்க்க மட்டும் கட்டியது என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். பாதுகாப்புக் கருதிக் கோபுரத்துக்கு யாரையும் அனுப்புவதில்லை என்று வாசல் பையன் சொல்கிறான்.

முதலில் வந்தவர் தைப்பிங் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸர். பெண் குட்டை என்று பதில் வந்தது. அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யார்தான் குட்டையாகத் தெரியமாட்டார்கள்? அடுத்தது கெப்பாலா பத்தாஸ் அரசாங்க ஆபீஸ் கிராணி. அவருடைய தாயார் இத்தனை அறையையும் யார் பெருக்குவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், இந்த இடத்துக்குக் காற்று வாங்க வருகிற பெண் செலவாளியாக இருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார். கூலிம் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் நான் தும்மிவிட்டேன், பவுடர் செய்த வேலை. பெண்ணுக்கு இழுப்பு இருப்பதாகக் கூலிம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அதற்குள் எனக்கு வயது ஏறிவிட்டது. கன்னியர் மடத்துப் பள்ளியில் பாலர் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "இந்தப் பிறை ரயில்வேக்காரங்களும் வேணாம்னுட்டா, அலோர் ஸ்டாருக்குச் சரின்னு சொல்லிட வேண்டியதுதான்." பிறை என்பது கடலுக்கு அக்கரையில் இருக்கும் ரயில் ஊர், அடுத்து அங்கிருந்துதான் பார்க்க வருவதாக இருந்தது. அலோர் ஸ்டார் என்பது உபதேசியார் கொண்டுவந்த சம்பந்தம். மனைவியை இழந்தவர், வீடு நிறையப் பிள்ளைகள். நல்ல மனிதர்தான், அப்பாவுக்குத் தம்பி என்று சொல்லலாம்போல இருப்பார். அன்று இரவு நான் உண்மையாகவே பயந்துபோனேன். பிறைக்காரர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் என்னைப் பிடித்துப்போக வேண்டுமே என்று மாதாவுக்கு ஜெபமாலை சொன்னேன்.

பிறையிலிருந்து மாப்பிள்ளையோடு அவருடைய பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா தன் வசனத்தைச் சொல்லி முடித்தார். எல்லோரும் கடல் சுவர் வரை நடந்தோம். மற்ற மாப்பிள்ளைகள் என்னைப் பார்க்காததுபோல் பார்ப்பார்கள். இவர் நேராக வந்து என்னிடமே பேசினார்.

"இங்க அடிக்கடி வருவீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இல்ல தம்பி, இதான் மொத தடவை. புள்ள கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தவிர எங்கயும் போனதில்ல."

அவர் தலையாட்டிவிட்டுக் கோபுரத்தைப் பார்த்தார். "மேல ஏறிப் பாத்தா கெடா வரைக்கும் தெரியும்ல?"

"ஏற முடியாதுங்க. படி இல்ல," என்றேன் நான்.

"மொத தடவை வந்ததுமே படி இல்லன்னு தெரிஞ்சிருச்சு," என்றார் அவர், சத்தம் போடாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. சிரித்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தது. நானும் சிரித்துவிட்டேன். அத்தனை தடவை அந்தப் புல்தரையில் நின்றவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து முனியாண்டி அண்ணன் கையில் மண்வெட்டியோடு வந்தார். நான் சிரிப்பதைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம். "வா தங்கச்சி. கூலிம்காரங்ககிட்டேருந்து நல்ல சேதி வந்துருச்சா?"

பெரியப்பா திரும்பினார். "யாருய்யா இது? என்ன கூலிம்?"

"குடிச்சிருக்கான் போல," என்றார் அப்பா. அவர் காதெல்லாம் சிவந்திருந்தது. "யாரையோ நெனச்சிக்கிட்டு உளர்றான்."

"குடிகாரனையா கேட்ல வச்சிருக்காங்க? இந்தத் தவுக்கே ஆபீஸ்ல எனக்கு ஆள் இருக்கு. நாளைக்கே சொல்லி வைக்கிறேன்," என்றார் பெரியப்பா.

முனியாண்டி அண்ணன் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு அந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்க, கொஞ்சம் போட்டிருக்கேன். வேற யாரோன்னு நெனச்சிட்டேன்," என்றார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் கல்யாணம் முடிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் காவடி எடுக்கிற மனிதர், எனக்காகத் தன்னைக் குடிகாரன் என்று சொல்லிக்கொண்டு, வேலையும் போகட்டும் என்று நின்றார். அது எனக்குத் தாங்கவில்லை.

"அவர் குடிக்க மாட்டாருங்க," என்றேன். "நான் இங்க வர்றது நாலாவது தடவை. அதான் என்னை அவருக்குத் தெரியும்."

பெரியம்மா, "ஓகோ," என்றார். பெரியப்பா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். அந்த ரயில்வேக்காரர் மட்டும் கொஞ்சம் நின்றார். என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். பெரியப்பா கேட்டிலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் போய்விட்டார்.

முனியாண்டி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா வெகுநேரம் நின்றார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிறகு காரில் ஏறினார். வீட்டுக்குத் திரும்பச் சொல்லாமல், "நேராப் போப்பா," என்றார் டிரைவரிடம். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். தஞ்சோங் பூங்கா தாண்டி ஒரு வளைவு. அங்கே பாறைமேல் மஞ்சள் நிறத்தில் ஒரு கோட்டை இருந்தது, நாங்கள் எந்த மாப்பிள்ளைக்கும் காட்டாதது. அப்பா இறங்கி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நல்லாத்தான் கட்டியிருக்கான்," என்றார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இத்தனை நாளும் அவர் எந்தக் கோட்டையையும் பார்த்ததில்லை. வந்தவர்களின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"மொத தடவையே தெரியும்மா."

"அப்புறம் ஏம்ப்பா?"

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டாத்தான், வேணாம்னு சேதி வர்ற அன்னிக்கு உன் மொகத்தப் பாக்க எனக்குத் தைரியம் வந்துச்சு," என்றார். கொஞ்சம் கழித்து, "இந்தத் தம்பிய உனக்குப் புடிச்சிருந்துச்சா?" என்று கேட்டார்.

எனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். "இல்லப்பா. பல்லு கோணல்," என்றேன். அப்பாவுக்கு நடிக்க வராது என்று இவ்வளவு நேரம் கேலி செய்தேனே, அன்று நான் நன்றாகவே நடித்தேன். அவர் முகம் தெளிந்தது. "நானும் பாத்தேன்," என்றார்.

பிறையிலிருந்து பதில் வரவில்லை. சங்கதி கேள்விப்பட்டு அலோர் ஸ்டார்க்காரரும் பின்வாங்கிவிட்டார், அதற்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். முனியாண்டி அண்ணனின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா கார் பிடிக்கவில்லை. உன்னைப் பார்க்க வருகிறார்கள், பிடிக்காவிட்டால் சொல் என்று அவளிடமே நேராகச் சொன்னார். அவள் ஒருவரை வேண்டாம் என்றாள், வானம் இடிந்து விழவில்லை. நான் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டேன். அது ஒன்றும் மோசமான வாழ்க்கை இல்லை.

அப்பா ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அந்த வளைவில் இருந்த மஞ்சள் கோட்டையைப் பிறகு இடித்துவிட்டார்கள். பாறையையும் வெடி வைத்துத் தகர்த்து ரோட்டை அகலப்படுத்தியிருக்கிறார்கள், காரில் போனால் எங்கே இருந்தது என்றுகூடத் தெரியாது. ஒருநாளைக்கு அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது கேட்க அவரும் இல்லை, அவர் கேட்டு நின்ற இடமும் இல்லை.

பிடித்திருந்தது, அப்பா.