செத்துப்போன துரைமாமன்

சேலத்திலேயே பேசும் படம் எடுக்க ஆரம்பித்த பிறகு எனக்கும் அதில் சில வேஷங்கள் கிடைத்தன. மந்திரி, ஊர்ப் பெரியதனக்காரர், கதாநாயகியின் முன்கோபி அப்பா. முன்கோபத்துக்கு நான் தனியாக நடிக்க வேண்டியதில்லை என்று என் மனைவி சொல்வாள். யாராவது வந்து எனக்குப் பிடித்த நடிகர் யார் என்று கேட்டால், ஒரு பிரெஞ்சுக்காரர் என்பேன். பெயரைக் கேட்பார்கள். அந்தப் பெயர் என் நாக்கில் ஒரு நாளும் சரியாக நின்றதில்லை. தமாஷ் செய்கிறேன் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தமாஷே இல்லை. நான் இன்று குடும்பஸ்தனாக உட்கார்ந்து சோறு தின்கிறேன் என்றால் அந்த மனிதர்தான் காரணம். சேலம் என்று ஓர் ஊர் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கக்கூட நியாயமில்லை.

அப்போது படங்கள் எல்லாம் ஊமை. நான் சுற்றிக்கொண்டிருந்த நாடகக் கம்பெனி ஆத்தூரில் கலைந்துவிட்டது. ஹார்மோனியக்காரர் ஒரு திசை, ராஜபார்ட் ஒரு திசை என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் சேலத்துக்கு வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. ராசிபுரத்திலிருந்து மாமனார் வந்து தன் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நாங்கள் இரண்டு வீட்டாருமே தறி நெய்கிறவர்கள். மாமனார் விடிந்ததும் தறிக்குழியில் இறங்கினால் விளக்கு வைக்கும்போதுதான் மேலே ஏறுவார். வேஷம் கட்டுவது அவர் கணக்கில் வேலையே அல்ல, ஒருவகைத் திருட்டு. நான் ராசிபுரம் போனபோது வாசலிலேயே நிறுத்தினார்.

"ஊரூரா வேஷங்கட்டிட்டுத் திரியறவருக்கு ஊடு எதுக்குங்க மாப்பிள்ளை? தறியில வந்து உக்காருங்க. அன்னைக்கே புள்ளைய அனுப்பறேன்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு தொல்லை. திட்டும்போதுகூட அந்த 'ங்க' போகாது. மரியாதையாகத் திட்டுகிறவரைத் திருப்பித் திட்டவும் முடியாது. உள்ளே அவள் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. "வாரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். தறியில் உட்காரவும் மனம் வரவில்லை, அவள் இல்லாத வீட்டில் இருக்கவும் மனம் வரவில்லை. வழியெல்லாம் எனக்கு அழுகைதான் வந்தது.

செவ்வாய்ப்பேட்டையை ஒட்டி ஒரு டெண்டுக் கொட்டகை இருந்தது. அதன் முதலாளிக்குக் கதை சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஊமைப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று, தகரக் குழலை வாயில் வைத்து, யார் என்ன பேசுகிறார்கள் என்று சனங்களுக்குச் சொல்ல வேண்டும். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கக் கத்திய தொண்டை எனக்கு. அன்றே சேர்த்துக்கொண்டார். படத்தில் நடுநடுவே வரும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துச் சொல்ல சூரமங்கலத்து ரயில்வே குமாஸ்தா ஒருவர் வருவார். அவர் சொல்லும் அரைக் கதையை நான் முழுக் கதையாக்கிவிடுவேன்.

அப்படி ஒரு வாரம் வந்ததுதான் அந்தப் பிரெஞ்சுப் படம். பாண்டிச்சேரியை ஆள்கிற துரைமார்களின் ஊரில் எடுத்தது என்று முதலாளி சொன்னார். நடிகருக்கு நடுவயது இருக்கும். அகன்ற நெற்றி, கொஞ்சம் தொந்தி. பெயரைக் குமாஸ்தா மூக்கால் ஒரு மாதிரி சொன்னார். நான் சொல்லிப் பார்த்தேன், தும்மல்தான் வந்தது. சரி போகட்டும் என்று குழலை எடுத்து, "இவருதானுங்க நம்ம துரைமாமன்" என்றேன். கொட்டகை அப்படியே அவரைத் தத்து எடுத்துக்கொண்டது.

படத்தில் அவர் வைத்தியர். பிளேக் வந்த ஊருக்கு மற்ற வைத்தியர்கள் போக மறுக்க, இவர் போகிறார். முன்பு சேலத்திலும் பிளேக் வந்தபோது பயந்து ஊரைக் காலி செய்து வயலில் குடிசை போட்டவர்கள்தான் மணலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர். கடைசியில் வியாதி அவரையே பிடித்துக்கொள்கிறது. அந்தச் சாவை அவர் எப்படி நடித்தார் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் மேடையில் செத்தால் ஒரு பாட்டுப் பாடி, நெஞ்சைப் பிடித்து, சுற்றி விழுந்து சாவோம். அவர் சும்மா படுத்திருந்தார். தண்ணீர்க் குவளையைப் பார்த்தார், எடுக்கவில்லை, அவ்வளவுதான். "மாமன் போயிட்டாருங்க" என்றேன். பெண்கள் பக்கத்தில் ஒப்பாரி கிளம்பியது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போகிற வழியில் கிணற்றடியில் பலர் தலை முழுகிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாளிடம், ஏன் எண்ணெய் வைக்காமல் தலை இப்படிக் கிடக்கிறது என்று கேட்டேன்.

"மாமன் செத்திருக்கறாரு. எண்ணெய் வெப்பாங்களாங்க? எங்கூட்டுல தாளிக்கக்கூட இல்லீங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த படமும் அவருடையதே வந்தது. சிரிப்புப் படம். கல்யாணத்துக்குக் கிளம்பிய பெரிய மனிதர் காற்றில் பறந்த தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். திரையில் முகம் தெரிந்ததும் சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் எழுந்தார். "செத்தவரு எப்படிங்க ஓடறாரு?" இன்னொருவர், "நாங்க தலை முழுகிட்டு வந்திருக்கறம். எங்களை ஏமாத்திப்போட்டீங்களா?" என்றார். மண் வந்து திரையில் விழுந்தது. மிஷின்காரர் படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டார்.

முதலாளி என் காதில், "இவரு செத்தவரோட தம்பிக்காரன், ரெட்டைப் பொறப்புன்னு சொல்லிப்போடுங்க" என்றார். சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒருவன் அவ்வளவு நன்றாகச் செத்துக் காட்டினால் அதை நடிப்பு என்று சொல்ல எதற்கு வெட்கப்பட வேண்டும்? ராசிபுரத்து வாசலில் வாய் மூடி வந்த ஆத்திரமும் அதில் சேர்ந்துகொண்டது. குழலைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனேன்.

"மாமன் சாகலீங்க. அவரு என்னாட்ட நாடகக்காரருங்க. செத்தது வேஷம்" என்றேன்.

அவர் பாரீஸ் பட்டணத்தில் மேடையில் நடித்துப் பேர் வாங்கியவர், பிறகுதான் படத்துக்கு வந்தார் என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். அவர் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். சனங்கள் உட்காரவில்லை. நிறுத்தினால் திரையைக் கிழித்துவிடுவார்கள் போலிருந்தது. அதனால் மேலே சொல்லிக்கொண்டே போனேன். அவரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை என்றேன். ஊரூராக நாடகம் போட்டார், கம்பெனி கலைந்தது, திரும்பி வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது என்றேன். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கீரைக்கார அம்மாள் முன்வரிசையில் இருந்தாள்.

"ஊட்டுக்காரி எங்கீங்க போனாங்க?"

"அப்பன் ஊட்டுல இருக்குதுங்க. மாமனாரு அனுப்ப மாட்டேங்கறாரு."

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "அந்த மாமனாரு மோசமான ஆளுங்களா?" என்று கேட்டார்கள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவரைத் திட்ட எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவர் தறிக்குழியில் குனிந்திருக்கிற முதுகு என் கண்ணில் வந்து நின்றது. "நல்லவருங்க" என்றேன். "வேஷத்துல ராசாவா இருக்கறவன் ஊட்டுல தன் புள்ளை பட்டினி கெடக்குமோன்னு பயம். பெத்தவருக்கு இருக்காதுங்களா?"

"அப்பறம் அனுப்பிச்சாருங்களா?" என்றாள் கீரைக்கார அம்மாள்.

"இன்னும் இல்லீங்க."

பிறகு ஒரு கிழவர், "பாவம், தொப்பியத் தொரத்தட்டும், உடுங்க" என்றார். படம் மறுபடி ஓடியது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் கொட்டகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ராசிபுரத்து மோட்டார் பஸ்ஸில் வந்து மாமனார் வாசலில் நின்றார். பின்னால் தகரப்பெட்டியோடு அவள். மாமனார் என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நேத்து நூல் எடுக்கச் செவ்வாப்பேட்டைக்கு வந்தனுங்க. நீங்க என்னதான் பண்றீங்கன்னு பாக்கலாம்னு உள்ள போயி மணல்ல உக்காந்தேன். என்னையத்தான் திட்டப் போறீங்கன்னு இருந்தேன் மாப்பிள்ளை." துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தொரையோட ஊட்டுக்காரி வந்துட்டான்னு இன்னைக்குச் சொல்லிப்போடுங்க. கேட்ட பொம்பளைங்க மனசு ஆறாம வந்திருப்பாங்க."

உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பும் மோட்டாருக்குப் போய்விட்டார். அந்த மனிதரை நான் அதற்குப் பிறகு ஒரு நாளும் மனசுக்குள்கூடத் திட்டியதில்லை.

அவளையும் கொட்டகைக்கு அழைத்துப்போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்கார வைத்தேன். படம் ஆரம்பிக்கும் முன்னாலேயே கீரைக்கார அம்மாள் எழுந்துவிட்டாள். கூட இன்னும் நாலைந்து பெண்களை அழைத்து வந்திருந்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளை வந்துதுங்களா?"

குழலை எடுத்தேன். மேட்டூர் ரோட்டு வரைக்கும் கேட்கிற என் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி எடுத்தேன், மறுபடியும் வரவில்லை. கொட்டகை முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, சின்னக் குரலில், எனக்குப் பதிலாக அவள் சொன்னாள்.

"வந்துட்டனுங்க."