அர்ஜுனனுக்கும் சேர்த்து அரிசி

ஜெராய் மலைக்குப் போன இருவரில் முகம்மது மட்டும்தான் பினாங்குக்குத் திரும்பி வந்தான். அது 1925ஆம் வருஷம். வெள்ளைக்காரத் துரை ஒருவரின் தோட்டத்துக்குக் காட்டு ஆர்க்கிட் செடிகள் கொண்டுவருவது அவனுக்கும் அர்ஜுனனுக்கும் வேலை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பனி மூடியதில் அர்ஜுனனைத் தவறவிட்டதாகவும், நாளெல்லாம் கத்திக் கூப்பிட்டுப் பார்த்ததாகவும் முகம்மது சொன்னான். மலையடிவாரத்துக் குரூண் கிராமத்தார் தேடிப்போய் வெறுங்கையோடு இறங்கினார்கள். இன்னொரு தடவை தேடிப் பார்க்கலாம் என்று துரை சொல்லி, பொறுப்பை மேஸ்திரி சின்னையாவிடம் விட்டார். அவரோடு வழிகாட்ட முகம்மதும், சுமை தூக்க இரண்டு பேரும் போவதாக ஏற்பாடு.

ஆள்தான் கிடைக்கவில்லை. அந்த மலையில் மனிதரை மறைத்துவைக்கும் ஏதோ இருக்கிறது என்று பேச்சுப் பரவியிருந்தது. வருவதாக ஒப்புக்கொண்ட சுமைகூலிகள் இருவரில் பெரியகருப்பன் சொன்ன சொல்லில் நின்றான்; மற்றவன் கிளம்புவதற்கு முதல் நாள் வயிற்றுவலி என்று படுத்துவிட்டான்.

அன்று காலையே அர்ஜுனனின் மனைவி காமாட்சி, ஆயர் ஈத்தாமில் இருந்த மேஸ்திரியின் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"அந்த ஆளோட சுமைய நான் தூக்கறேன், அண்ணே."

"வெளயாடாத, காமாச்சி."

"மலை ரயிலுக்குப் பாதை போட்டப்ப செங்கல் சொமந்து ஏறினவதானே நானு? நீங்கதானே வேலைக்கு வச்சீங்க?"

"அது பாதை லா. ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தே. இங்க இருட்டின எடத்துல படுக்கணும். மழை, அட்டை, புலி எல்லாம் இருக்கு. கைப்புள்ளய யாரு பாப்பா?"

"பக்கத்து வீட்டு ஹபீபா அக்காகிட்ட விட்டுட்டுத்தான் வந்தேன்."

சின்னையா சுமை கிடந்த பக்கம் கையைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். தீக்குச்சிகளைப் போத்தலில் போட்டு வாயை மெழுகால் அடைத்தாள். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சுற்றும் துணிகளைப் புகையிலைத் தண்ணீரில் ஊறவைத்தாள். அரிசி, கருவாடு, உப்பு எல்லாம் நாலு பேருக்கு அளந்து வைத்திருந்தது. அவள் இன்னொரு பங்கு அளந்தாள்.

"யாருக்கு?" என்றான் பெரியகருப்பன்.

"அவருக்கு. எத்தன நாளா பட்டினியோ."

பெரியகருப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தார்ப்பாயை மடிக்கும்போது அதன் உள்ளிருந்து ஒரு புது வெள்ளைத் துணி விழுந்தது. கூடவே சூடப் பொட்டலம். காமாட்சி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி அதை அவசரமாக எடுக்கக் குனிந்தார். அவள் சூடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, துணியை மட்டும் மடித்து உள்ளே வைத்தாள்.

"காயத்துக்குக் கட்டுப் போட ஆவும்," என்றாள்.

மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்த முகம்மது அந்த நேரத்தில்தான் தலை நிமிராமல் சொன்னான்: "கயிறு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்கக்கா. அந்தப் பள்ளத்துல எறங்கணும்னா பத்தாது."

காமாட்சியின் கை நின்றது. "எந்தப் பள்ளம்? உச்சிக்குப் போற வழின்னுதானே சொன்னே?"

கத்தி அவன் கையிலேயே இருந்தது. பிறகு உண்மை வந்தது. அர்ஜுனன் செடி தேடி இன்னொரு பள்ளத்தில் இறங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறான். அரிசி தீர்ந்தது, மழை வருகிறது, திரும்புவோம் என்று இவன் சொல்லியிருக்கிறான். வாய்ச்சண்டை முற்றி, கோபத்தில் இவன் தனியாக நடந்துவிட்டான். அதற்கப்புறம்தான் பனி இறங்கியது.

"நான்தான் விட்டுட்டு வந்தேன்னு சொன்னா போலீசு புடிச்சுக்கும்னு பயந்துட்டேன்க்கா..."

"அப்ப தேடிப் போனவங்க?"

"வேற பக்கம் தேடிட்டாங்க."

சின்னையா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து அடிக்கக் கை ஓங்கினார். காமாட்சி நடுவில் புகுந்தாள். "விடுங்கண்ணே. இவன் நடந்தாத்தான் எடத்தக் காட்ட முடியும்." சொல்லிவிட்டு, தன் கை அவன் கழுத்துக்குப் போகாமலிருக்க முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் படகில் பட்டர்வொர்த்துக்குக் கடந்து ரயில் ஏறினார்கள். குரூணில் இறங்கிக் காட்டுக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இருட்டிய இடத்தில் நாலு மரங்களுக்கு நடுவே தார்ப்பாயைக் கட்டினார்கள். ஈர விறகு எரியவில்லை. காமாட்சி கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை முகம்மதின் இடுப்பிலும் கட்டினாள். அவன் தடுக்கவில்லை. அவன் புரளும்போதெல்லாம் கயிறு இழுத்தது. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

மறுநாள் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று மாறி மாறிக் கூப்பிட்டார்கள். கீழே ஓடைச் சத்தம்தான் கேட்டது. முகம்மது யாரையும் கேட்காமல் கயிற்றைப் பிடித்து இறங்கினான். பின்னாலேயே காமாட்சியும் இறங்கினாள். பாறை வழுக்கியது, உள்ளங்கை உரிந்தது. ஓடையோரம் ஒரு பாறைக்குடைவில் கிழிந்த காக்கிச் சட்டையைக் கண்டாள். கிட்டே போகக் கால் வரவில்லை. சட்டை அசைந்தது.

அர்ஜுனனின் கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து வீங்கிக் கறுத்திருந்தது. ஓடைத் தண்ணீரும் கைக்கெட்டிய தளிர்களும்தான் அவனைப் பிழைக்க வைத்திருந்தன. மனைவியைக் கண்டு கனவென்று நினைத்தான் போலும்; கையை நீட்டி அவள் முகத்தைத் தொட்டான்.

"முகம்மது எறங்கிட்டானா, காமாச்சி? பனியில தனியாப் போனானே. நாந்தான் வீம்பு புடிச்சேன்."

அவளுக்குப் பின்னால் நின்ற முகம்மது பாறையில் சாய்ந்து வாய்விட்டு அழுதான். காமாட்சி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அழுவாத. மூங்கில எடு, கால்ல வச்சுக் கட்டணும்," என்றாள்.

பினாங்குக்குத் தூக்கி வந்து வைத்தியம் பார்த்தும் ஒடிந்த கால் கோணலாகத்தான் கூடியது. அர்ஜுனன் தோட்டத்திலேயே உட்கார்ந்து தொட்டி கட்டும் வேலைக்கு மாறினான். செடி தேடி மலையேறும் வேலைக்கு அவன் இடத்தில் சின்னையா காமாட்சியைச் சேர்த்துக்கொண்டார். முகம்மது துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டான். பெருநாள்தோறும் சாப்பாட்டுத் தட்டோடு அவர்கள் வாசலுக்கு வருவான். காமாட்சி தட்டை வாங்கிக்கொள்வாள். அவனை உள்ளே வந்து உட்காரச் சொல்ல அவளுக்குச் சில வருஷம் ஆனது.