நாற்பத்து மூன்று நிமிடம்

நாற்பத்தைந்து வயதில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கச் சேர்ந்ததற்கு அவள் யாரிடமும் பெரிய காரணம் சொன்னதில்லை. முதுகு வலிக்கிறது, அவ்வளவுதான். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பத்தொன்பது வருட வேலை. படுக்கையில் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், நாற்காலிக்கு மாற்ற வேண்டும். எழுபது கிலோ மனிதர் பயந்துபோய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டால் நூறு கிலோ கனப்பார். மேற்பார்வையாளர் ஆகிவிட்டால் தூக்க வேண்டாம். அந்தப் பதவிக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும் என்று விதி. பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் அந்த வருடம் இடம் இருந்தது பொருளாதாரத்தில்தான். தாவரவியலில் இருந்திருந்தால் தாவரவியல் படித்திருப்பாள்.

காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை. மூன்றரையிலிருந்து ஆறரை வரை வகுப்பு. வகுப்பில் இருபத்திரண்டு பேர், எல்லாரும் எங்காவது வேலை பார்ப்பவர்கள். அவளுக்கு அங்கே பெயர் வார்டக்கா. வீட்டில் மாலைச் சமையல் புருஷன் கைக்கு மாறியது. அவன் வெல்டர். இரும்பை ஒட்டத் தெரிந்த அளவுக்குச் சமைக்கத் தெரியாது.

"என்ன பேராசிரியை, இன்னிக்கு உப்புக்குத் தேவை கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்பான் தட்டை வைத்துவிட்டு.

"முதல்ல உப்பைப் போடு. அப்புறம் பார்க்கலாம்."

இப்படியே இரண்டரை வருடம் ஓடிவிட்டது. கடைசிப் பருவத்தில் எஞ்சியது ஆய்வறிக்கை ஒன்றுதான். இருவர் இருவராகச் செய்ய வேண்டும். அவளுக்கு ஜோடியாக வந்தவன் ஜெராக்ஸ். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவன், அவளைவிட ஐந்தாறு வயது இளையவன். பதினைந்து வருடமாக எல்லாத் துறைக் கேள்வித்தாளையும் நகல் எடுத்து எடுத்து, எந்தப் பாடத்தில் எது வரும் என்று வாத்தியார்களுக்கு முன்னால் சொல்லிவிடுவான். வகைநுண்கணிதம் அவளுக்குப் புரிந்ததே அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்துதான். பதிலுக்கு அவனுடைய கட்டுரைகளை அவள் திருத்திக் கொடுப்பாள். அவன் எழுதினால் வாக்கியம் முடியவே முடியாது.

பொதுமருத்துவமனையில் மருந்து வாங்க வரிசையில் நிற்பவர்கள் இழப்பது என்ன என்பதுதான் தலைப்பு. படிவத்தில் கேள்வி இரண்டே. எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்? நிற்காவிட்டால் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? எண்பது பேரையாவது கேட்க வேண்டும் என்பது துறையின் நிபந்தனை. ஆளுக்கு நாற்பது என்று பிரித்துக்கொண்டார்கள். அவள் நான்கு வாரம், வாரத்தில் கிடைக்கும் ஒரு விடுமுறை நாளில், நாளுக்குப் பத்துப் பேராகக் கேட்டு முடித்தாள்.

அறிக்கையின் முதல் வரைவைப் புள்ளியியல் மேடம் திருப்பிக் கொடுத்த அன்று முகம் சரியில்லை. சின்ன வயது, கண்டிப்பான பெண்.

"வார்டக்கா, உங்க நாற்பது படிவத்துல முப்பத்துநாலு பேர் அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணின்னுதான் சொல்லியிருக்காங்க. நிஜமான அளவு இப்படி முழுசு முழுசா வராது. வீட்டுல உட்கார்ந்து எழுதினா இப்படித்தான் வரும். உங்க ஜோடியோட படிவங்களைப் பாருங்க. முப்பத்தேழு, ஐம்பத்திரண்டு, அறுபத்தெட்டு. எவ்வளவு இயல்பா இருக்கு!"

"நான் நேர்ல கேட்டதுதான் மேடம்."

"அடுத்த திங்கட்கிழமை விளக்கத்தோட வாங்க. இல்லேன்னா அறிக்கையை ஏத்துக்க முடியாது."

ஏற்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். இல்லத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் அம்மாள் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறாள். அந்த நாற்காலி காலியாக இருக்கப்போவது ஒரு ஜூன் மட்டும்தான்.

பக்கத்தில் நின்ற ஜெராக்ஸ் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேருந்தில் அவனுடைய படிவங்களைப் புரட்டினாள். இரண்டாவது கேள்விக்கு நாற்பது பேரும் ஒரே பதில்: 'வேலைக்குப் போயிருப்பேன்.' மருந்து வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் எழுபது தாண்டியவர்கள். எந்த வேலைக்குப் போவார்கள்?

மறுநாள் வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நிறுத்தவில்லை.

"எத்தனை பேரைக் கேட்டே?"

"அக்கா, காலையிலதான் அந்த வரிசை. காலையிலதான் எனக்குக் கடையில கூட்டம்…"

"எத்தனை பேருன்னு கேட்டேன்."

"யாரையும் கேட்கலை."

"அந்த முப்பத்தேழு, ஐம்பத்திரண்டெல்லாம்?"

"வித்தியாசமா போட்டாதானே அக்கா நிஜம் மாதிரி இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆறு பேருக்கு நாடி பார்க்காமலேயே பார்த்ததாக அட்டவணையில் எழுதியிருக்கிறாள். எழுபத்து நான்கு, எழுபத்தொன்பது, எண்பத்து மூன்று. எல்லாருக்கும் எண்பது என்று போடத் தைரியம் வரவில்லை. தலைமை நர்ஸ் எழுபத்து நான்குக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. காய்ச்சல். ஆறு பேருக்கும் மறுபடி நாடி பார்க்க வைத்த பிறகுதான் வீட்டுக்கு விட்டாள்.

"பொய் எழுதறவன்தான்டா முழு எண்ணைப் பார்த்துப் பயப்படுவான்," என்றாள். "வாயால சொல்றவங்க அரை மணி, ஒரு மணின்னுதான் சொல்வாங்க. யாரு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க?"

"மேடம்கிட்ட சொல்லப்போறீங்களா?"

நேற்று வீட்டில் வெல்டரும் அதைத்தான் சொன்னான்: "அந்த ஆளைப் பிடிச்சுக் கொடுத்துட்டு உன் வேலையைப் பாரு." அவள் யோசிக்காமல் இல்லை. தன் பக்கம் நிஜம் என்று காட்டுவது சுலபம். காட்டிய அடுத்த நிமிடமே இவன் பக்கம் பொய் என்பது தானாக அவிழ்ந்துவிடும். அப்புறம் கையில் மிஞ்சுவது நாற்பது படிவம். துறை கேட்பது எண்பது.

"சொல்லி எனக்கு என்ன லாபம்? இன்னும் நாற்பது வேணும். வியாழன், வெள்ளி ரெண்டு நாள் காலையில கடையைப் பூட்டு."

"தேர்வு சீசன் அக்கா! கூட்டம் அள்ளும்…"

"எனக்கு முதுகு போகுது. உனக்குக் கூட்டம் போகட்டும்."

அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

வியாழன் காலை ஏழரைக்கு மருத்துவமனையில் இருந்தார்கள். அவள் தன்னோடு வேலை பார்ப்பவளிடம் இரண்டு நாள் வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். வரிசை சுவரை ஒட்டி வளைந்து படிக்கட்டு வரை நீண்டிருந்தது. ஜெராக்ஸ் படிவ அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். கடையில் ஆட்கள் அவனைத் தேடி வருவார்கள். இவன் ஆட்களைத் தேடிப் போனது கிடையாது.

"போய்க் கேளு, கடிக்க மாட்டாங்க."

முதல் ஆள் பாதிக் கடித்தார். "ஆஸ்பத்திரி ஆளா நீ? கேள்வி கேட்கறதை விட்டுட்டு வரிசையை நகர்த்துய்யா!"

"இல்லைங்க, நான் ஸ்டூடன்ட்."

அவர் இவனுடைய நரையை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை வருஷமா?" வரிசை சிரித்தது. அதற்கப்புறம் பயம் விட்டுப்போயிற்று. அரை மணி. ஒரு மணி. ஒரு மணி இருக்கும். வந்து ரொம்ப நேரமாச்சு தம்பி, ஒன்றரைன்னு போட்டுக்கோ. இரண்டாவது கேள்விக்கு ஒரு பெண் நெடுநேரம் யோசித்துவிட்டு, "சும்மா உட்கார்ந்திருப்பேன்," என்றாள். "எழுதிக்கோ. சும்மா உட்கார எனக்கு நேரமே கிடைக்கறதில்லை."

வெள்ளிக்கிழமை முப்பத்தொன்பது முடித்தபோது வரிசையின் நடுவில் ஒரு கிழவர் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. ஜெராக்ஸ் கேட்டதும் மணிக்கட்டைத் திருப்பினார்.

"நாப்பத்திமூணு நிமிஷம்."

பேனா அந்தரத்தில் நின்றது. "ஐயா, முக்கால் மணின்னு போட்டுக்கட்டுமா?"

"ஏன்? நாப்பத்திமூணுதான். ரயில்வேயில கார்டா இருந்தேன்."

ஜெராக்ஸ் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, இதை யாரும் நம்ப மாட்டாங்க!"

"சொன்னதை எழுது. குறிப்புல வாட்ச் கட்டியிருந்தார்னு போடு."

திங்கட்கிழமை வகுப்பில் அவள் விளக்கம் எதுவும் எழுதிக்கொண்டு போகவில்லை. எழுந்து நின்று, "மேடம், இன்னிக்கு வகுப்புக்கு வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எல்லாரையும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதச் சொல்லுங்க," என்றாள். மேடம் புருவத்தை உயர்த்தினாலும் சொன்னதைச் செய்தாள். வந்தவர்கள் இருபது பேர். இருபது சீட்டு. இருபது நிமிடம், முப்பது, அரை மணி, நாற்பத்தைந்து, ஒரு மணி. முழுசாக இல்லாதது இரண்டுதான்.

"மேடம் நீங்க?" என்றது பின்வரிசை.

"முக்கால் மணி," என்ற மேடம், சொன்ன பிறகுதான் கவனித்தாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கிய கையோடு அவள் கண் மேசைமேல் இருந்த முப்பத்தேழு, ஐம்பத்திரண்டுகளின் பக்கம் போயிற்று.

ஜெராக்ஸ் கூப்பிடாமலேயே முன்னால் போனான். "அது கடையில உட்கார்ந்து எழுதினது மேடம். இது நேர்ல கேட்டது," என்று புதுப் படிவக் கட்டை வைத்தான்.

மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கடைசியில் ஒன்றை உருவினாள். "எல்லாம் சரி. இந்த நாற்பத்து மூணு மட்டும் நம்பும்படியா இல்லையே?"

"குறிப்பைப் படிங்க மேடம்," என்றான் ஜெராக்ஸ்.

படித்தாள். படிவத்தை மறுபடி கட்டில் செருகினாள். முதலில் பொய் எழுதியதற்கு ஜெராக்ஸுக்கும், அதைப் பார்க்காமல் அறிக்கையில் சேர்த்ததற்கு வார்டக்காவுக்கும் பத்துப் பத்து மதிப்பெண் குறைத்தாள். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

இருவரும் இரண்டாம் வகுப்பில் தேறினார்கள். ஜூனில் மேற்பார்வையாளர் நாற்காலி கிடைத்தது. முதுகு வலி போகவில்லை. ஆனால் அதற்குமேல் கூடவும் இல்லை.