சிவப்பு விளக்கை அணைக்கச் சொன்ன அக்கா

கொல்கத்தாவில் எங்கள் ஆய்வக இருட்டறையின் கதவோரம் ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கும். சிலிக்கான் தகட்டின் மேல் நான் ஒட்டி வைத்த மூலக்கூறுகள் புற ஊதா ஒளி பட்டால் வளையும், நீல ஒளி பட்டால் நிமிரும். சிவப்பு ஒளியை அவை உறிஞ்சுவதில்லை. அதனால் அந்த பல்பை நான் சந்தேகித்ததே இல்லை. ஆனால் வளைத்த மூலக்கூறுகள், அளவெடுப்பதற்குள் தாமாகவே நிமிர்ந்துகொண்டிருந்தன. ஒரு நாள் பத்து நிமிடத்தில், இன்னொரு நாள் ஒரு மணி நேரத்தில். மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்து இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

பக்கத்து மேசை, நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவருடையது. அவரும் ஆராய்ச்சி மாணவிதான். அப்பாவின் துறைமுக வேலையால் இங்கேயே, கொல்கத்தாவின் கிடர்பூரில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி வங்காளம். தினமும் ஒரே பாட்டு: “ஷோனோ, இங்கே கேளு, அந்த லால் லைட்டையும் ஆஃப் பண்ணிட்டுப் பாரேன்.”

“மூலக்கூறு சிவப்பை எடுக்காதுக்கா. எத்தனை தடவை சொல்றது?”

“அது எடுக்காது. கீழே இருக்கிற சிலிக்கான் எடுக்குமே!”

ஒருநாள் எல்லோர் முன்னிலும் கத்திவிட்டேன்: “உங்க வேலையைப் பாருங்கக்கா!” அவர் முகம் சுருங்கியது. மறுநாள் காலை மறுபடி அதையே சொன்னார்.

அவர் வாயை அடைப்பதற்காகவே விளக்கை அணைத்தேன். கும்மிருட்டில் இடுக்கி நழுவி இரண்டு தகடுகள் உடைந்தன. மூன்றாவது தகட்டில் மூலக்கூறுகள் மணிக்கணக்கில் வளைந்தபடியே இருந்தன. அக்கா சொன்னதுதான்: சிவப்பு ஒளியை உறிஞ்சிய சிலிக்கான், மேலே இருந்த மூலக்கூறுகளுக்கு மின்னூட்டத்தைக் கொடுத்து நிமிர்த்தியிருக்கிறது. என் பழைய அளவீடுகள் அத்தனையும் வீண். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, அந்தக் கண்டுபிடிப்பையே கட்டுரையாக்கி, அவர் பெயரையும் சேர்த்தேன். ஹவுரா போகும் படகில் அவரிடம் காட்டினேன். கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“கூப் பாலோ. ரொம்ப நல்லாருக்கு. ஆனா, லைட்டுல சிலிக்கான் சூடாகி அதனால நிமிர்ந்திருந்தா?”

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அடுத்த ஒரு மாதம் சூட்டை அளந்தேன். நானே ஆசிரியராகிவிட்ட இன்று, என் மாணவர்கள் கட்டுரை கொண்டுவரும்போது நானும் அப்படித்தான் கேட்டுத் தொலைக்கிறேன். அவர்கள் பல்லைக் கடிப்பதும் தெரிகிறது. அந்த மாத முடிவில், சூடு காரணமில்லை என்று தெரிந்த அன்று, படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். கட்டுரை அச்சானபோதுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் இருக்கவில்லை.