மச்சானிடம் வாங்கிய சம்மதம்

என் மகள் தன் மனதில் இருந்த பையனைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. மாசி மாதம், சனிக்கிழமை காலை, ஏழே முக்காலுக்கும் எட்டரைக்கும் இடையில். இடம், கம்பத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் திராட்சைத் தோட்டம். அன்றைய நாட்குறிப்பில் நான்கு வரிகள் எழுதியிருக்கிறேன். நான்காவது வரி இது: ‘யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். சரி என்றேன்.’

அவளுக்கு வயது இருபத்தேழு. பெங்களூரில் கணினி வேலை. மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவாள். அன்று காலை என்னோடு தோட்டத்துக்கு வந்தாள். பந்தலுக்குக் கீழே குனிந்துதான் நடக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேச அது தோதான இடம். அவள் அதைத் தெரிந்தேதான் வந்திருக்கிறாள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

“அப்பா, ஒரு பையன்கூடப் பேசிக்கிட்டு இருக்கேன்.”

“பேசிக்கிட்டுன்னா?”

“பேசிக்கிட்டுன்னா பேசிக்கிட்டுத்தான்.”

“லவ்வா?”

“அதுக்கு முன்னாடி.”

“எத்தன நாளா?”

“ஒன்றரை வருசமா.”

“ஒன்றரை வருசமாவா முன்னாடியே நிக்கிறீக?”

சிரித்துவிட்டாள். கொத்துகளுக்கு நடுவிலிருந்து அந்தச் சிரிப்பு மட்டும் கேட்டது. அவர்களைச் சேர்த்தது போனில் இருக்கும் ஓர் ஆப். “அத்தன பேரு இருக்க பெங்களூருல, அது எனக்குக் கூடலூர்க்காரனப் பிடிச்சுக் காட்டுதுப்பா. நம்ம பஸ் ஸ்டாண்டுல நின்னிருந்தாலே பாத்திருப்பேன்.”

நான் கேட்கத் தயங்கியதை அவளே சொன்னாள். “நம்ம ஆளுகதான். அதத்தான கேக்க வர்றீக?” எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

பிறகு குரல் இறங்கிவிட்டது. அவனும் அவளும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், சினிமாவுக்குப் போகிறார்கள், காய்ச்சல் வந்தால் அவன்தான் கஞ்சி வாங்கி வந்து கொடுக்கிறான். ஆனால் கல்யாணம் என்ற சொல்லை இருவருமே இதுவரை எடுத்ததில்லை. “நான் கேட்டா ஓடிருவானோன்னு பயமா இருக்குப்பா. அவன் அப்படி ஆளு. அவசரப்படுத்துனா ஒதுங்கிருவான். சித்திரைக்குள்ள நானே பதமாக் கேட்டுர்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீக. அம்மாகிட்ட மட்டும் சொல்லிக்கங்க.”

சரி என்றேன். பதினொரு நாள் அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. பெண்ணை வெளியே கொடுப்பதென்றால் முதலில் தாய்மாமனிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் மகனுக்கு உரிமை இருக்கிறது. அவர் தாம்பூலம் வாங்கிக்கொண்டு ‘கொடுங்கள்’ என்று சொன்ன பிறகுதான் வேறு வாசலை நினைக்கலாம். கேட்காமல் செய்த கல்யாணங்களில் தாய்மாமன் வராத மண்டபத்தை நான் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு அது நடக்கக் கூடாது. சித்திரையில் அந்தப் பையன் சரி என்று சொல்லும் நாளில் எங்கள் பக்கத்தில் எந்த வேலையும் பாக்கி இருக்கக் கூடாது என்று எண்ணினேன்.

என் மனைவி தடுத்தாள். “அவ கேட்டு முடிக்கட்டும். அப்பறமாப் போயி எங்க அண்ணன்கிட்டக் கேப்போம்.”

“முடிச்ச பெறகு போனா அது கேக்குறது இல்ல, தகவல் சொல்றது.”

“பிள்ள யார்கிட்டயும் சொல்லாதீகன்னு சொல்லுச்சுல்ல?”

“சம்மதம் வாங்குறது சொல்றதுல சேராது. அவர் என்ன வெளியாளா?”

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். ‘யாரிடமும்’ என்றால் ஊரார், தெருக்காரர், தோட்டத்துக்கு வருபவர்கள். தாய்மாமன் அந்தக் கணக்கில் வர மாட்டார். வெற்றிலை, பாக்கு, இரண்டு சீப்பு பழம், நான்கு முழம் மல்லிகை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு சின்னமனூரில் இருக்கும் மச்சான் வீட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறினேன்.

மச்சான் தாம்பூலத் தட்டைப் பார்த்ததும் பதறி எழுந்துவிட்டார். பையன் கூடலூரில் இன்னார் மகன் என்பது வரை விஷயத்தைச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“இதுக்கா மாப்ள தட்டத் தூக்கிக்கிட்டு வந்தீக? எம்மவன் கோயம்புத்தூர்ல ஒருத்தியப் பாத்து வச்சுருக்கான். போன வாரந்தான் அவுக ஆத்தாகிட்ட வாயத் தொறந்தான். ஒங்கள எப்படிப் பாத்துச் சொல்றதுன்னு நாங்க முழிச்சுக்கிட்டுக் கெடக்கோம்!”

உரிமையே அங்கே இல்லை. ஆனாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இருந்தாலும் வந்து கேட்டீக பாருங்க, அது பெரிசு.” கிளம்பும்போது நான் சொன்னேன்: “மச்சான், யார்கிட்டயும் சொல்லிராதீக.”

“ச்சே, நான் எதுக்குச் சொல்லப் போறேன்?”

அவரும் பொய் சொல்லவில்லை. மருமகள் போகப்போகும் வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது தன் கடமை என்று நினைத்திருக்கிறார். விசாரிப்பது சொல்வதில் சேராது அல்லவா? கூடலூரில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் போனில் விசாரித்தார். அந்த மனிதர் நேராகப் பையன் வீட்டுக்கே போய், “என்னக்கா, கம்பத்துச் சம்பந்தமாமே, எங்ககிட்டச் சொல்லவே இல்ல?” என்று அவன் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மா மகனுக்குப் போன் போட்டார். நான் சின்னமனூர் போய் வந்த ஐந்தாம் நாள் இது.

அவன் சொன்ன பதில் வந்த வழியே திரும்பி வந்தது. அவன் அம்மா அந்தக் கூடலூர் மனிதரிடம் சொன்னார், அவர் மச்சானிடம் சொன்னார், மச்சான் மதியம் பன்னிரண்டரைக்கு என்னிடம் சொன்னார். ஒரு மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

“யார்கிட்டப்பா சொன்னீக?”

“மாமாகிட்ட மட்டுந்தான் ஆத்தா. சம்மதம் வாங்க.”

“‘எங்க அம்மா வரைக்கும் எதுக்குப் போச்சு’ன்னு ஒரே ஒரு மெசேஜ். அதோட அவன் போட்டோ போயிருச்சுப்பா. மெசேஜ் போக மாட்டேங்குது. போன் அடிச்சா ஒரே ரிங்குல கட்டாகுது. பிளாக் பண்ணிட்டான்.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். அவளே கேட்டாள். “அவுக அம்மாகிட்ட என்ன சொன்னானாம்? ஒங்களுக்குத் தெரியும். சொல்லுங்க.”

கேட்டதைக் கேட்டபடியே சொல்வது என் பழக்கம். அன்றைக்கு மட்டுமாவது அதை விட்டிருக்கலாம். “‘அப்படி எல்லாம் ஒண்ணும் இல்லம்மா, அந்தப் பிள்ள சும்மா ஃபிரெண்டு’ன்னானாம்.”

அவள் அலுவலகத்தில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“மாட்டேன்னுதான் சொல்லியிருப்பான்ப்பா, எனக்குத் தெரியும்,” என்றாள். “ஆனா எங்கிட்டச் சொல்லியிருப்பான்.”

அதன் பிறகு ஆறு மாதம் அவள் ஊருக்கு வரவில்லை. தினமும் அம்மாவிடம் பேசினாள். நான் எடுத்தால் “சாப்டீகளாப்பா” என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். மச்சான் ஒரு நாள் வந்து, “கழிசடப் பய. இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு மாப்ள,” என்று ஆறுதல் சொன்னார். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். முடியவில்லை. பயந்துபோய் அம்மாவிடம் ஒரு பையன் சொன்ன வார்த்தையும், ஒன்றரை வருடம் பழகியவள் எதிரில் உட்கார்ந்து கேட்கும்போது சொல்லும் வார்த்தையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எப்படிச் சொல்வது? அவன் சித்திரையில் என்ன சொல்லியிருப்பான் என்பது இனி யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாதபடி செய்தவன் நான்.

ஆவணியில் வந்தாள். மெலிந்திருந்தாள். கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்து மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அவளுக்குக் கோபம் இல்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் போனை என் பக்கம் நகர்த்தினாள். மாப்பிள்ளை பார்க்கும் ஆப் ஒன்றில் தன் பெயரைத் தானே பதிந்திருந்தாள். உயரம், படிப்பு, வேலை, நட்சத்திரம் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு பிழைகூட இல்லை.

“நீங்களே பாத்து முடிங்கப்பா.”

“ஒனக்குப் பிடிக்க வேணாமா ஆத்தா?”

“ஒங்களுக்குப் பிடிச்சாச் சரி.”

“நீ ஒரு தடவ பேசிப் பாக்கலாம்ல?”

“என்னத்தப் பேச?” எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அவளுக்குச் சரியாக வரும் என்று நான் எடுத்து வைத்த மூன்று பேரில் ஒருவன் அன்று மாலையே எழுதியிருந்தான். மரியாதையான பையன். உங்களுக்கு எதெல்லாம் பிடிக்கும் என்று கேட்டிருந்தான். போனை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எதையாச்சும் போட்டு அனுப்புங்கப்பா.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ‘பயணம், இசை’ என்று எழுதி அனுப்பினேன். அந்த ஆப்பில் மற்ற எல்லாரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.