யார் கையும் படாத குழாய்

அந்த வீட்டின் முகம் எனக்குத் தெரியாது, முதுகுதான் தெரியும். சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அதன் முன்வாசல். நானும் அம்மாவும் நுழைந்தது பின்சந்தில் இருந்த கதவு வழியாக. அம்மா அந்த வீட்டின் எடுப்புக் கக்கூஸைக் கையால் மலம் அள்ளிச் சுத்தம் செய்துவந்தாள். வேலை முடிந்ததும் கதவோரம் நிற்பாள். வீட்டு மாமி செம்போடு வந்து, உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார். அம்மா கை கழுவிக்கொள்வாள். பள்ளி இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அன்று கருட சேவை. வீடு நிறைய விருந்தாளிகள் என்பதால் அம்மாவுக்கு வேலையும் அதிகம். முடித்துவிட்டுக் கதவோரம் நின்றாள். மாமி பட்டுப்புடவையில் வந்தார். கையில் செம்பு இல்லை.

"குளிச்சு மடியா நிக்கறேன். ஊத்தினா தெறிக்கும். இன்னிக்கு அப்படியே போ."

அம்மா அப்படியே போனாள். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு, திருவிழாக் கூட்டத்தின் ஓரமாக நடந்தாள். தெரு நெடுக தண்ணீர்ப் பந்தல். போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் விலகிப்போகச் சொன்னார்கள். தெருக்குழாயை நான் திறந்துவிடுகிறேன் என்று ஓடினேன். குடத்தோடு நின்றவள் ஒருத்தி, "நீ மட்டும் யாரு, குழாயைத் தொடாதே" என்றாள். வேகவதி ஆற்றில் மணல்தான் கிடந்தது. காலனி வரைக்கும் நடந்தோம். வழியில் அம்மாவின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவளால் விரட்ட முடியவில்லை. நான்தான் விரட்டினேன்.

அந்த ஈயை நான் மறக்கவே இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி, தள்ளிப்போட்ட காரியம் வீணாகும் என்பார்கள். எங்கள் வீட்டில் பழங்கஞ்சிதான் காலை ஆகாரம், அதனால் அதன் ருசி எனக்கு நன்றாகவே தெரியும்.

டிப்ளமா சிவில் படித்தேன். இரண்டாயிரம் பிறந்த பிறகு, டைல்ஸும் பாத்ரூம் சாமான்களும் விற்கும் ஒரு ஷோரூமில் வேலை கிடைத்தது. வீட்டுக்காரர்கள் அளவு கொடுத்தால் பாத்ரூமைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவேன். பட்டுக் கடைக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் நான் வரைந்ததுதான். ஒருநாள் ஆட்டோவில் ஒரு அம்மாள் வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை. வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை அடுத்த மாதம் வருகிறானாம். புதுமாதிரி பாத்ரூம் வேண்டுமாம். தானே மூடி திறக்கும் கம்மோட், ஆள் நுழைந்தால் எரியும் விளக்கு, சூட்டை எண்ணில் காட்டும் ஷவர் எல்லாவற்றையும் காட்டினேன். சென்சார் குழாயருகே மாமி நின்றுவிட்டார். கையை நீட்டினால் தண்ணீர், எடுத்தால் நிற்கும்.

"அப்போ யார் கையும் இதுல படாதா?"

"படாது மாமி."

"இதுதான் வேணும். வேலைக்காரா தொட்ட குழாயைத் திருப்பித் திருப்பி அலம்பி எனக்குக் கையே போச்சு."

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவர் எங்கள் முகத்தைப் பார்த்திருந்தால்தானே.

அன்று ஷோரூமில் உட்கார்ந்து கெட்ட கெட்டதாக யோசித்தேன். தரையின் வாட்டத்தை ஒரு விரல் அளவு மாற்றிப் போட்டால் போதும், குளிக்கிற தண்ணீரெல்லாம் வீட்டுக்குள் திரும்பும். வரைந்தும் பார்த்தேன். பிறகு அழித்துவிட்டேன். அம்மா அந்த வீட்டில் செய்த வேலையில் ஒருநாளும் யாரும் குறை சொன்னதில்லை. என் வேலையிலும் சொல்லக்கூடாது. அதனால் ஊரிலேயே சிறந்த பாத்ரூமை வரைந்தேன். பழைய கக்கூஸ் இருந்த அதே இடத்தில். சந்துப் பக்கக் கதவு இருந்தால் ஓதம் ஏறும் என்று சொல்லி, செங்கல் வைத்து அடைக்கச் செய்தேன். இனி அங்கே போக முன்வாசல் ஒன்றுதான் வழி.

வேலை முடிந்ததும் மாமியிடம் சொன்னேன்: "ஆள் புழங்கிப் பாத்தாதான் வாட்டம் சரியான்னு தெரியும் மாமி. எங்க ஆள் ஒருத்தர் வந்து குளிச்சுப் பாத்தப்புறம்தான் ஒப்படைப்போம்." கொத்தனார் நாலு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே போதும். அது மாமிக்குத் தெரியாது.

"வரட்டும். எப்படியும் தீட்டுப் போகப் புண்யாஹவாசனம் பண்ணத்தான் போறோம்" என்றார்.

மறுநாள் காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் போட்ட பாத்ரூமைப் பார்க்க வா என்றுதான் சொல்லியிருந்தேன். தெரு முனையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவள் கால்கள் பழக்கத்தில் சந்துப் பக்கம் திரும்பின.

"பின்னாடி கதவே இல்லம்மா. அடைச்சாச்சு" என்றேன்.

முன்வாசல் படியேறி, கூடத்தைத் தாண்டி, சுவாமி அறையைத் தாண்டி உள்ளே போனோம். மாமி பார்த்தார். முகத்தை இல்லை, அம்மாவின் நடையை. கைகளை உடம்பில் படாமல் சற்றே விரித்து நடக்கும் நடை அது. அவள் எங்கே போனாலும் அப்படித்தான் நடப்பாள்.

"இவளா?"

"எங்க அம்மா, மாமி."

கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் தடுக்க முடியாமல் மாமி பாத்ரூம் வாசலில் வந்து நின்றார். அம்மா உள்ளே நுழைந்ததும் விளக்கு எரிந்தது. குழாயைத் தேடினாள். கையை நீட்டும்மா என்றேன். நீட்டினாள். தண்ணீர் வந்தது. கையை இழுத்துக்கொண்டாள், நின்றது. மறுபடி நீட்டினாள், மறுபடி வந்தது. அப்புறம் அவள் கையை எடுக்கவே இல்லை. விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை என்று நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் பளிங்குத் தொட்டியில் விழுந்து அவள் புடவையில் தெறித்தது, சுவரில் தெறித்தது, வாசலில் நின்ற மாமியின் காலிலும் ஒரு சொட்டு தெறித்தது.

"போறும், நிறுத்து."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "எப்டிமா நிறுத்தறது? திருகு இல்லியே."

கொத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் கூடத்துப் பக்கம் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு குளிர்ந்தது. இருபது வருடமாகக் காத்திருந்த குளிர்ச்சி. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

குளிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து வெளியே வந்தாள்.

புண்யாஹவாசனம் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். வாத்தியார் தீர்த்தம் தெளிக்க மாவிலையை நீட்டியபோது குழாய் அதற்கும் தண்ணீர் ஊற்றியதாம். மந்திரம் எதைக் கழுவியதோ, நான் அறியேன். தினமும் காலையில் அந்த மாமி கை கழுவ வேண்டுமென்றால், என் அம்மா நீட்டிய இடத்தில்தான் நீட்ட வேண்டும். வேறு இடத்தில் நீட்டினால் தண்ணீர் வராது.

அம்மா கை கழுவிய அன்று, வேகவதிப் பாலம் வரைக்கும் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். கோபமோ என்று பயந்தேன். பாலத்தில் நின்று, கையை முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"பழி வாங்கத்தானே என்ன இட்டுக்கினு போன?"

"ஆமா."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? தலைக்கு எண்ண தேச்சிக்கினு வந்திருப்பேன் இல்ல."