பனிக்கு அடைச்ச காது

எங்க தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கு. உள்ள பூரா வெளையாட்டுச் சாமான். கலர் கலரா அடுக்குற கட்டை, கம்புல மாட்டுற வளையம், மிருகங்களப் பொருத்துற பலகை, சின்னதா ஒரு மேளம், சாவி குடுத்தா ரெண்டு கையாலயும் ஜால்ரா தட்டுற குரங்கு. எல்லாம் கொழும்பிலிருந்து யாரோ புண்ணியவான்க குடுத்தது. அலுமாரிக்குப் பூட்டு இருக்கு, சாவி பிள்ளைக் காம்பரா அக்காவோட இடுப்புல இருக்கும். நாங்க காலையில புள்ளைங்கள அந்தக்காகிட்ட விட்டுட்டுக் கொழுந்து எடுக்க ஓடுவோம். புள்ளைங்க பகல் பூரா அந்தக் கண்ணாடியில மூக்க அழுத்திக்கிட்டு நிக்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தா கண்ணாடி பூரா சளியும் எச்சியுமா இருக்கும். அந்தக்கா ஏசிக்கிட்டே தொடைக்கும்.

"தொறந்து குடுத்தா என்னக்கா?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"ஒடச்சுப்புடுங்க புள்ள. அப்புறம் பார்க்க வர்றவங்களுக்கு நான் எதக் காட்டுறது?"

அந்தக்காவ மட்டும் குத்தம் சொல்லி என்ன செய்ய? எங்க லயத்துல வரிசையா ஒட்டியிருக்கிற காம்பராவுல எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். கரடி பொம்மை பொலிதீன் பையோட ஆணியில தொங்கும். எங்க வீட்டுக்காரரு கொழும்புல ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை. அவரு மகளுக்கு வாங்கிட்டு வந்த பொம்மையும் சாமி படத்துக்குப் பக்கத்துல அப்படித்தான் தொங்குச்சு. அழுக்காயிரும்ல? நல்ல சாமான் வீட்டுல இருக்குன்னு நாலு பேரு பார்க்கணும்ல?

அலுமாரிக்குப் பக்கத்துச் சுவத்துல ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. 'பிள்ளையுடன் தினமும் பேசுங்கள், பாடுங்கள், விளையாடுங்கள்'னு பெருசா எழுதி, ஒரு அம்மா பாயில உக்காந்து புள்ளைக்குப் புத்தகம் காட்டுற மாதிரி படம். அந்த அம்மாவோட சிரிச்ச மூஞ்சியப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். எப்பம்மா பேசுறது? விடியக்காலையில ரொட்டி சுட்டு, புள்ளைய இழுத்துக்கிட்டுப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு ஓடுறப்பவா? கூடைய எறக்கிட்டு, அட்டை கடிச்ச காலக் கழுவிட்டு, விறகு ஈரமா இருக்கேன்னு அடுப்ப ஊதிக்கிட்டு இருக்கிறப்பவா? நான் பாடியிருந்தா மட்டும் அவளுக்கு என்ன கேட்டிருக்கப் போகுது. அது அப்ப எனக்குத் தெரியாது.

எம் மக ரொம்ப அமைதி. மத்தப் புள்ளைங்க கத்தி ஊரக் கூட்டும், இவ மூலையில உக்காந்து சாக்குல இருந்து நூலு பிரிச்சுக்கிட்டே இருப்பா. "உம் மக தங்கம்டி, இருக்கிற எடமே தெரியாது"ன்னு அந்தக்கா வாயாரச் சொல்லும். எனக்கும் பெருமைதான். பிள்ளைக் காம்பராவுல அழாத புள்ளைதான் நல்ல புள்ள. மூணு வயசாகியும் பேச்சு வரல. பக்கத்துக் காம்பராக்காரங்க, "அவ அப்பனும் லேட்டாத்தான் பேசுனான், விடு"ன்னாங்க. கோயில் பூசாரி நாக்குல தேன் தடவி விட்டாரு. தேன நக்கிட்டு இன்னும் குடுன்னு கையக் காட்டுனா. எல்லாரும் சிரிச்சோம்.

அப்புறம் ஒருநாள் கொழும்பு ஆளுங்க வந்தாங்க. தாய்மாருங்க எல்லாம் நல்ல சீலை உடுத்திக்கிட்டு வரணும்னு கங்காணி கொழுந்து மலையிலயே சொல்லிட்டாரு. அலுமாரியத் தொறந்தாங்க. பாய் விரிச்சு, புள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் கையில ஒரு சாமான். பாவம், அதுகளுக்கு வெளையாடவே தெரியல. கையில வச்சுக்கிட்டு அந்தக்கா மூஞ்சியவே பார்க்குதுங்க. எம் மகளுக்கு அடுக்குற கட்டை கிடைச்சுச்சு. அவ எங்களுக்கு முதுகக் காட்டி உக்காந்து, ஒண்ணு மேல ஒண்ணா நிதானமா அடுக்க ஆரம்பிச்சுட்டா.

அந்த நேரம் பார்த்து, சாவி குடுத்து மேசையில வச்சிருந்த குரங்கு நகர்ந்து நகர்ந்து வந்து சீமெந்துத் தரையில தடார்னு விழுந்துச்சு. விழுந்தும் விடல, ஜால்ராவத் தரையில அடிச்சுக்கிட்டே கிடக்கு. காது கிழியிற சத்தம். ஒரு கைக்குழந்தை வீல்னு கத்துச்சு. எல்லாப் புள்ளைங்களும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்புச்சுங்க. படம் புடிக்க வந்த பையன் கூட ஒரு துள்ளு துள்ளுனான். எம் மக திரும்பல. அடுத்த கட்டைய எடுத்து மேல வச்சா.

"பாருங்களேன், என்ன கவனம் இந்தக் குழந்தைக்கு!"ன்னு வந்திருந்த அம்மா ஒருத்தவங்க சொல்லி, அவளப் படம் எடுக்கச் சொன்னாங்க.

அவ முதுகுக்குப் பின்னால போய் நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். கை தட்டுனேன். நல்ல சீலை உடுத்திக்கிட்டு, அத்தனை பேருக்கு நடுவுல பைத்தியக்காரி மாதிரி தட்டுறேன். கடைசியில தோளத் தொட்டேன். அப்பத்தான் திரும்பி, என்னையப் பார்த்து அழகாச் சிரிச்சா.

அதுக்கப்புறம் கிளினிக், கிளினிக், கிளினிக். மலையெல்லாம் சுத்தி எறங்குற பஸ்ஸுல அவ என் மேலயே வாந்தி எடுப்பா. கிளினிக்ல இருந்த மிஸ் சிங்களத்து ஆளு, தமிழ் அரைகுறை, ஆனா தங்கமான மனுசி. காது மெஷின் வாங்கிக் குடுத்து மாட்டி விட்டாங்க. மாட்டிட்டுச் சொன்ன விசயம்தான் என் மண்டையில ஆணி அடிச்ச மாதிரி நின்னுபோச்சு. இந்த மெஷின்ல கேட்டா நல்லது, பழக்கிப் பழக்கிப் பேச்சு வர வச்சுரலாம். கேக்கலன்னா கொழும்புல ஆபரேசன் செய்யணும். அத சின்ன வயசுலயே செய்யணும், தள்ளிப் போட்டா ஆபரேசன் செஞ்சும் பேச்சு வராது.

கேக்குதா இல்லையான்னு கண்டுபுடிக்கத் தூங்க வச்சுப் பார்க்கிற ஒரு டெஸ்ட் இருக்காம். ஒவ்வொரு தடவை கூட்டிட்டுப் போறப்பவும் இவளுக்கு மூக்கு ஒழுகும். சளி விட்டதும் வாங்கன்னு அனுப்பிருவாங்க. எங்க மலையில எந்தப் புள்ளைக்குச் சளி விட்டிருக்கு? நமுனுகுல மலை உச்சியிலிருந்து எறங்குற பனி நேரா எங்க லயத்துக்குள்ளதான் வந்து குந்தும்.

"அதுவரைக்கும் வீட்டுல வெளையாட்டு மாதிரி பாருங்க"ன்னு மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. புள்ளைய முன்னால உக்கார வச்சு, நான் பின்னால உக்காரணும். மேளம் அடிக்கணும். சத்தம் கேட்டதும் அவ ஒரு கட்டைய எடுத்து டின்னுக்குள்ள போடணும். "ஒங்க மூஞ்சி அவளுக்குத் தெரியக் கூடாது"ன்னு திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. நான் மண்டைய மண்டைய ஆட்டுனேன்.

மேளத்துக்கு எங்க போறது? நேரா பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன்.

"அக்கா, அந்த மேளத்தையும் கொஞ்சம் கட்டையும் குடுங்க. டாக்டர் சொல்லியிருக்காங்க."

"ஐயோ, தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்டி."

"எம் மகளக் காட்டிப் படம் புடிச்சீங்கள்ல? அப்ப தொரைக்குத் தெரியலயா? அந்தச் சாமான நீங்க சாமி கும்பிடுறதுக்கா வச்சிருக்கீங்க?"

வாய்க்கு வந்தபடி கத்திட்டு வந்துட்டேன். அந்தக்கா அழுதுச்சு. அழட்டும்னு விட்டுட்டேன். வீட்டுல பால்மா டின் ஒண்ணு கிடந்துச்சு, அதக் கவுத்து வச்சா மேளம். அடுப்புக்கு வச்சிருந்த தேயிலைக் குச்சிய பக்கத்துக் காம்பரா அண்ணன் துண்டு துண்டா வெட்டிக் குடுத்தாரு. அது கட்டை. பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டா டங்குன்னு கேக்கும்.

மொத மொத நானும் பக்கத்துல உக்காந்து, அடிக்கிறது, போடுறது, அடிக்கிறது, போடுறதுன்னு செஞ்சு காட்டுனேன். கெட்டிக்காரி, டக்குன்னு புடிச்சுக்கிட்டா. கட்டையக் கன்னத்துல வச்சுக்கிட்டுக் காத்திருப்பா. அப்புறம் நான் பின்னால போய் உக்காந்தேன். லயத்துக் காம்பராவுக்கு ஜன்னல் எங்க இருக்கு? வெளிச்சம் வாசல் வழியாத்தான் வரும். அதனால வாசப்படிக்கிட்ட நான் உக்காந்து, எனக்கு முன்னால அவள உள்பக்கம் பார்த்து உக்கார வச்சேன். அகப்பையால டின்ன ஒரு தட்டுத் தட்டுனேன். போட்டா. இன்னொரு தட்டு. போட்டா. மெதுவாத் தட்டுனேன். அதுக்கும் போட்டா.

நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. அன்னிக்கு அழுத மாதிரி நான் எங்கப்பன் செத்ததுக்குக் கூட அழல. கொழும்புல இருக்கிற வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "கேக்குதுங்க! எம் புள்ளைக்குக் காது கேக்குதுங்க!" அந்தப் பக்கம் சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவுல அவரு மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு.

ஞாயித்துக்கெழமை காலையிலயும், வேலை இல்லாத நாள்லயும் எங்களுக்கு இதே வெளையாட்டு. ஆனா ஒரு கோளாறு. பனி மூடுற நாள்ல அவளுக்குக் கேக்கவே கேக்காது. கட்டையக் கன்னத்துல வச்சுக்கிட்டே உக்காந்திருப்பா, நான் தட்டுத் தட்டுன்னு தட்டுவேன், அசைய மாட்டா. வெயில் வந்தா மறுபடி நல்லாக் கேக்கும். இதுல யோசிக்க என்ன இருக்கு? பனிக்குக் காது அடைச்சுக்கும். எங்க மலையில பச்சைப் புள்ளைக்குக் கூடத் தெரிஞ்ச விசயம். நாங்க கொழுந்துக்குப் போறப்பவே காத மூடிக் கட்டிக்கிட்டுத்தான் போவோம், எங்களுக்கே அடைக்கும். நல்லெண்ணெயில பூண்டு காய்ச்சிக் காதுக்குப் பின்னால தேச்சேன். குல்லா மாட்டி, அதுக்கு மேல மப்ளரச் சுத்துனேன். பனி நாள்ல வாசப் பக்கமே விடல.

கிளினிக்லயும் பெருமையாச் சொன்னேன். "வெயில் நாள்ல நல்லாக் கேக்குது மிஸ். பனிக்குத்தான் அடைச்சுக்குது." அவங்களுக்கு நான் பேசுன வேகத்துல பாதி புரிஞ்சிருக்காது. கேக்குதுங்கிறது மட்டும் புரிஞ்சுச்சு. சிரிச்சாங்க. "அப்ப மெஷினோடயே பழக்குவோம், டெஸ்டு, ஆபரேசன் எதுக்கும் இப்ப அவசரமில்ல"ன்னாங்க. நான் அவங்க கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். அப்படியே மழைக்காலம் ஒண்ணு போச்சு, வெயில் காலம் போச்சு, மறுபடி மழைக்காலம் வந்துச்சு.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து அவரு வந்தாரு. காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிச்சாரு. சுவரெல்லாம் வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு. மறுநாள் காலையில நல்ல வெயில். "எங்க, அந்த வெளையாட்ட எனக்குக் காட்டு"ன்னாரு. வழக்கம் போல வாசப்படிக்கிட்ட நான், எனக்கு முன்னால அவ. தட்டுனேன், போட்டா. தட்டுனேன், போட்டா. அவரு குதிக்காத குறை. "இரு, மூஞ்சக் கழுவிட்டு வர்றேன், நானும் தட்டுறேன்"னு லயத்துக் கோடியில தண்ணி விழுற பீலிக்குப் போனாரு.

அப்பப் பார்த்துப் பனி எறங்குச்சு. காம்பரா மங்கிப் போச்சு. தட்டுனேன். அவ போடல. ஓங்கித் தட்டுனேன். போடல. சரி, காது அடைச்சிருச்சுன்னு மப்ளர எடுக்க எந்திரிக்கப் போனேன். அதுக்குள்ள பனி வெலகி வெயில் பளிச்சுன்னு அடிச்சுச்சு. எதிர்ச் சுவத்துல, புதுச் சுண்ணாம்பு மேல, என் தலை, என் தோளு, அகப்பை புடிச்ச என் கை, எல்லாம் கருப்பாப் பெருசா விழுந்திருந்துச்சு. எம் மக அதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தா.

அகப்பைய மெதுவாத் தூக்குனேன். சுவத்துல கை ஏறுச்சு. டின்னுல படாம, காத்துலயே எறக்குனேன்.

அவ கட்டையப் போட்டா. டங்குன்னு கேட்டுச்சு.

போட்டுட்டுத் திரும்பி என்னையப் பார்த்துச் சிரிச்சா. நான் கை தட்டுவேன்னு காத்திருந்தா. இத்தனை நாளா நான் தட்டித் தட்டிப் பழக்கி வச்சிருந்தேனே. அவ என்ன தப்புச் செஞ்சா? அம்மா சந்தோசப்படுறா, அதுக்கு என்ன செய்யணும்னு கண்டுபுடிச்சு வச்சிருந்தா. நான் கை தட்டுனேன். அவ சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

பீலியிலிருந்து அவரு குரல் வந்துச்சு. டின்னுச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கு. "இப்பயும் கேட்டுச்சா புள்ள?"

"கேக்கலங்க"ன்னேன். அப்புறம் கத்துனேன். "கேக்கவே இல்லங்க! ஒருநாள் கூடக் கேக்கலங்க!"

நான் கத்துனதுல வாசலுக்கு முன்னால இஸ்தோப்புல நின்ன கோழியெல்லாம் செதறி ஓடுச்சு. அடுத்த காம்பரா, அதுக்கடுத்த காம்பரான்னு லயமே வெளிய வந்து எட்டிப் பார்த்துச்சு. அவரு மூஞ்சியில சோப்போட ஓடி வந்தாரு. எம் மக மட்டும் அடுத்த கட்டைய எடுத்துக் கன்னத்துல வச்சுக்கிட்டு, சுவத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா.